மண்டப வெளிச்சத்தில் ஆடும் பிள்ளையைப் படம் எடுக்க எந்த போன்?

ஏழு வயது மகள் பரதம் ஆடுகிறாள். பள்ளி ஆண்டு விழா மேடையிலும் சலங்கை பூஜை நடந்த மண்டபத்திலும் எடுத்த போட்டோக்களில் முகம் ஓரளவுக்குத் தெரிகிறது, கையும் காலும் ஜடையும் கரைந்துபோய் இருக்கின்றன. போனை மாற்றப் போகிறீர்கள். ஐபோன், சாம்சங், பிக்சல் மூன்றில் எது வேகமாக எடுக்கும், எது குறைந்த வெளிச்சத்தில் நன்றாக எடுக்கும், எதில் வீடியோ நன்றாக வரும் என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இது ஒரே கேள்வியாகத்தான் படுகிறது: மங்கிய வெளிச்சத்தில் ஓடி ஆடும் ஆளை எந்த போன் கரைக்காமல் பிடிக்கும்? விளம்பரத்தில் காட்டும் இரவுப் படங்களைப் பாருங்கள். கோபுரம் இருக்கும், பாலம் இருக்கும், விளக்கு போட்ட தெரு இருக்கும். அதெல்லாம் நின்ற இடத்தில் நிற்கும். உங்கள் மகள் நிற்க மாட்டாள். அதனால் அந்தப் படங்களை வைத்து நீங்கள் முடிவு எடுக்க முடியாது.

கும்பகோணம் பக்கம் இருபது வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து, அரங்கேற்றம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். பிழைப்பு பெரிய கேமராவில்தான். ஆனால் ரீல்ஸ் வந்த பிறகு, "அண்ணே, போன்லயும் கொஞ்சம் எடுத்துக் கொடுத்துடுங்க" என்று தங்கள் போனையே கையில் திணித்துவிடுகிறார்கள். அப்படி மூன்று கம்பெனி போன்களும் ஒரே மேடைக்கு முன்னால் என் கையில் மாறி மாறி இருந்திருக்கின்றன. லேப் வைத்து அளக்கிற ஆள் நான் இல்லை. அதனால் கணக்கு எது, என் அபிப்பிராயம் எது என்று பிரித்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் 'வேகம்'. இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. பட்டனைத் தொட்டதிலிருந்து படம் பதிவாகும் வரை ஆகும் நேரம் ஒன்று. அந்தப் படத்துக்காக சென்சார் (லென்ஸுக்குப் பின்னால் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு) எவ்வளவு நேரம் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டிருக்கிறது என்பது இரண்டாவது. ஷட்டர் ஸ்பீடு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். ஒரு படம் எடுத்து அடுத்த படத்துக்குத் தயாராகும் நேரம் மூன்றாவது. கடைக்காரர் "செம ஸ்பீடு சார்" என்று படபடவென்று பத்து கிளிக் அடித்துக் காட்டுவது மூன்றாவதை. உங்கள் படத்தைக் கெடுத்தது இரண்டாவது. முதலாவது எப்படிக் கெடுக்கும் என்பதற்கு என் கதையே இருக்கிறது. நண்பன் கல்யாணத்துக்கு விருந்தாளியாகப் போயிருந்தேன், பெரிய கேமரா எடுத்துப் போகவில்லை. கெட்டிமேளம் முழங்கியது, மாப்பிள்ளை முதல் முடிச்சு போடும்போது சரியாகத் தொட்டேன். படத்தில் முடிச்சு முடிந்து மாப்பிள்ளை நிமிர்ந்துவிட்டார், நாத்தனார் கை குறுக்கே நிற்கிறது. எந்த போன் என்று இங்கே சொல்ல வேண்டாம், இப்போது அது கடையிலும் இல்லை. இருபது வருஷம் இதே தொழிலில் இருப்பவனுக்கு, அதுவும் சொந்த நண்பன் கல்யாணத்தில்! இன்றுவரை கிண்டல் செய்கிறான்.

இப்போதைய நல்ல போன்கள் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கின்றன. கேமரா ஆப்பைத் திறந்த உடனேயே அது உள்ளுக்குள் படம் எடுக்கத் தொடங்கிவிடுகிறது. கடைசிச் சில ஃப்ரேம்களை, அதாவது தனித்தனிப் படங்களை, எப்போதும் கையில் வைத்துக்கொண்டு, பழையதைத் தள்ளிப் புதியதைச் சேர்த்தபடி இருக்கும். நீங்கள் தொட்டதும், தொட்ட நொடிக்கு உரிய ஃப்ரேமைப் பின்னோக்கிப் போய் எடுத்துக்கொள்ளும். பகலில் பட்டென்று வேலை செய்வது இதனால்தான். வெளிச்சம் குறைந்து, இருட்டில் எடுப்பதற்கென்று இருக்கும் நைட் மோட் தலையெடுத்தால் கதை மாறுகிறது. தொட்ட பிறகுதான் நீண்ட ஃப்ரேம்களைச் சேகரிக்கத் தொடங்கும். பகலில் பறந்த போன் மண்டபத்தில் தூங்கி வழிவதற்குக் காரணம் இது. போன் பழசாகிவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஷட்டர் ஸ்பீடு வெறும் பெருக்கல் கணக்கு. ஆடும் பிள்ளையின் கை விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வையுங்கள். ஷட்டர் 1/30 விநாடி திறந்திருந்தால் அதற்குள் கை 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் கை இருக்காது, கை போன தடம்தான் இருக்கும். 1/250 என்றால் ஒன்றே கால் சென்டிமீட்டருக்குள், 1/500 என்றால் 6 மில்லிமீட்டர். முத்திரை தெளிவாக வேண்டும் என்றால் 1/250க்குக் கீழே இறங்கக் கூடாது. தட்டடவு, குதிப்பு என்றால் 1/500 வேண்டும். இதைக் கையை ஆடாமல் பிடித்துச் சரிசெய்ய முடியாது. பெட்டியில் 'ஓஐஎஸ்' என்று போட்டிருப்பது உங்கள் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், உங்கள் மகளை நிறுத்தாது.

அப்புறம் ஏன் போன் தானாகவே 1/500 வைப்பதில்லை? வெளிச்சம் போதாது. நல்ல வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். மேடைக்கென்று தனி விளக்கு போடாத சாதாரண மண்டபத்தில் 100 லக்ஸ் இருந்தால் நல்லது. எஃப் 1.8 லென்ஸில் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துவாரம் பெரிது), 100 லக்ஸில், 1/500 வைத்தால் ஐஎஸ்ஓ, அதாவது வாங்கிய வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அளவு, சுமார் 4000 வரை ஏற வேண்டும். போனின் சின்ன சென்சாரில் ஐஎஸ்ஓ 4000 என்றால் படம் முழுக்க கிரெயின்ஸ், ரவை தூவின மாதிரி. அதைத் துடைக்கப் போனால் பட்டுப்புடவையின் ஜரிகையும் சேர்ந்து துடைபடும். ஆக, ஒவ்வொரு கம்பெனியும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டியிருக்கிறது: கிரெயின்ஸைப் பொறுத்துக்கொண்டு ஷட்டரை வேகமாக வைப்பதா, படம் வழவழப்பாகத் தெரிய ஷட்டரை மெதுவாக்குவதா. வாங்குபவர்களில் பலர் சோற்றுத் தட்டையும் செல்ஃபியையும் தெருவிளக்கையும்தான் எடுக்கிறார்கள், எல்லாம் அசையாதவை. எனவே பல போன்கள் மெதுவான பக்கமே சாய்கின்றன. உங்கள் போன் கெட்டுப்போகவில்லை, உங்களைப் போல எடுப்பவரை நினைத்து அதைச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

2018 நவம்பரில் கூகுள் தன் பிக்சல் போன்களுக்கு நைட் சைட் என்ற பெயரில் நைட் மோட் கொண்டுவந்தது. 2019 செப்டம்பரில் ஐபோன் 11-இல் நைட் மோட் வந்தது. கொள்கை ஒன்றுதான்: பல ஃப்ரேம்களை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தி, சராசரி பார்த்தால் கிரெயின்ஸ் அடங்கும். நாலு மடங்கு வெளிச்சம் சேர்ந்தால் கிரெயின்ஸ் பாதியாகத் தெரியும். அசையாதவற்றுக்கு இது நிஜமான அற்புதம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அசையும் இடத்தில் ஃப்ரேம்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. பொருந்தாத பகுதியைச் சேர்க்காமல் விட்டுவிடும். அதனால்தான் ஒரே படத்தில் பின்னால் இருக்கும் தோரணம் சுத்தமாகவும் ஆடுகிற பிள்ளையின் கை மட்டும் ரவை ரவையாகவோ கரைந்தோ இருக்கும். ஆடும் பிள்ளைக்கு நைட் மோடை அணைத்துவிடுங்கள். நிலா மாதிரியான மஞ்சள் குறி தானாக வந்தாலும் அதைத் தொட்டு அணைக்கலாம்.

கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன், செலவு கிடையாது. உறவுக்காரர், நண்பர் யாரிடமாவது நீங்கள் யோசிக்கும் போன்கள் இருக்கும், ஒரு மாலை வரவழையுங்கள். சாயங்காலம் ஆறரைக்கு மேல் ஹாலில் ஒரே ஒரு டியூப்லைட் போட்டு, சீலிங் ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். மூன்று இறக்கை ஃபேன் நிமிஷத்துக்கு 300 சுற்று சுற்றுகிறது என்றால் விநாடிக்கு 5 சுற்று. 1/15 விநாடியில் ஒவ்வொரு இறக்கையும் அடுத்த இறக்கை இருந்த இடத்துக்கே போய்விடும், படத்தில் ஒரு வட்டத் தட்டு மட்டும் தெரியும். 1/30-இல் பாதி வட்டம் கலங்கியிருக்கும். 1/250-இல் 7 டிகிரிதான் நகரும், இறக்கையின் ஓரம் தெரியும். எல்லா போனிலும் சாதா போட்டோ மோடில், எதையும் மாற்றாமல், ஒரே இடத்திலிருந்து அந்த ஃபேனை எடுங்கள். எந்த போன் ஷட்டரை மெதுவாக்குகிறது என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். அதே படத்தை கேலரியில் திறந்து மேலே தள்ளினால் ஷட்டர், ஐஎஸ்ஓ எண்களும் கிடைக்கும். பல ஃப்ரேம் சேர்த்த படத்தில் அந்த எண் முழுக் கதையைச் சொல்லாது. ஃபேன் பொய் சொல்லாது.

முதல் வகை வேகத்துக்கு இன்னொரு போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு, முழு விநாடி மாறும்போதெல்லாம் தொட்டு எடுங்கள், போனுக்குப் பத்துப் படம். உங்கள் விரலின் தாமதம் எல்லா போனுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் வித்தியாசத்தைப் பார்த்தால் போதும். ஒரு படத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். விளக்கு நன்றாக எரியும்போது ஐந்து, மங்கலாக ஐந்து என்று பிரித்து எடுத்தால் நான் மேலே சொன்ன நைட் மோட் தூக்கமும் கண்ணில் படும். இந்தச் சோதனையை ஷோரூமில் செய்யாதீர்கள். அங்கே விளக்கு கல்யாண மேடையைவிடப் பிரகாசம், எல்லா போனும் அங்கே சூரப்புலி.

மெகாபிக்சலை மறந்துவிடலாம். 200 மெகாபிக்சல் சென்சார்கூடச் சாதாரணமாக 16 பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் கொடுக்கிறது. சென்சாரின் அளவு முக்கியம். என் பெரிய கேமராவின் ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். '1 இஞ்ச்' என்று பெருமையாக விற்கப்படும் போன் சென்சார் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர்தான், அந்த 'இஞ்ச்' பழைய வீடியோ கேமரா டியூபின் கணக்கிலிருந்து வந்த பெயர். பரப்பில் ஏழு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஐபோன் 15 ப்ரோ, கேலக்ஸி எஸ்24 அல்ட்ரா, பிக்சல் 8 ப்ரோ மூன்றின் மெயின் சென்சாரும் 1/1.3 இஞ்ச் வகையை ஒட்டியவை, லென்ஸும் எஃப் 1.7, 1.8 பக்கம்தான். அதாவது மூன்றும் வாங்குகிற வெளிச்சம் கிட்டத்தட்ட ஒன்றே. மிச்ச வித்தியாசமெல்லாம் அந்த வெளிச்சத்தை எப்படிச் செலவு செய்வது என்ற முடிவில்தான்.

இதில் யாரும் சொல்லாத ஒன்று. மேடையிலிருந்து பத்தாவது வரிசையில் உட்கார்ந்து 5எக்ஸ் ஜூம் செய்கிறீர்கள். டெலி லென்ஸின், அதாவது தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் தனி லென்ஸின், சென்சார் சின்னது, அதன் துவாரமும் சின்னது. வெளிச்சம் போதாது என்று பட்டால் போன் உங்களிடம் கேட்காமலேயே மெயின் கேமராவின் படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் கொடுத்துவிடும். சந்தேகம் இருந்தால் ஜூம் செய்துகொண்டே டெலி லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். திரை கறுக்கவில்லை என்றால் நீங்கள் காசு கொடுத்த டெலி அங்கே சும்மா இருக்கிறது. மூன்றாவது வரிசைக்கு நகர்ந்து மெயின் லென்ஸில் எடுப்பது எந்த ஜூமையும்விட மேல்.

இதுவரை சொன்னது கணக்கு. இனி அபிப்பிராயம். ஒரு அப்டேட் வந்தாலே மாறக்கூடியது என்பதை மனதில் வைத்துப் படியுங்கள். போட்டோவில் அசைவைப் பொறுத்தவரை பிக்சலுக்கு என் முதல் ஓட்டு, குறிப்பாகக் குழந்தைகள் முகத்துக்கு. 2021-இல் பிக்சல் 6-இல் வந்த ஃபேஸ் அன்பிளர் என்ற வசதி, முகம் அசைவது தெரிந்தால் மெயின் கேமராவில் ஒரு படமும் அகலமாகக் காட்டும் அல்ட்ரா வைட் கேமராவில் இன்னும் வேகமான ஷட்டரில் ஒரு படமும் ஒரே சமயத்தில் எடுத்து, கூர்மையான முகத்தைக் கலந்துகொடுக்கிறது. முகத்துக்குத்தான், முத்திரைக்கு அது உதவாது. ஐபோன் நடுநிலை: அசத்தாது, பெரிதாகக் கவிழ்க்கவும் செய்யாது. லைவ் போட்டோ போட்டு வைத்தால் தொட்டதற்கு முன்னும் பின்னும் ஒன்றரை விநாடி பதிவாகும், தவறிய அசைவை அதில் தேடி எடுக்கலாம். தரம் கொஞ்சம் குறையும். சாம்சங் தானாக விட்டால் மங்கிய வெளிச்சத்தில் ஷட்டரை மெதுவாக்குவதாகத்தான் நான் பார்த்தவரை தோன்றுகிறது. ஆனால் கையால் மாற்ற வழி அதிகம் உள்ளது அதில்தான். கேலக்ஸி ஸ்டோரில் கேமரா அசிஸ்டன்ட் என்ற ஆப் இருக்கிறது. விரலை எடுக்கும்போது எடுக்காமல், வைத்த உடனே எடுக்கவும், தரத்தைவிட வேகத்துக்கு முன்னுரிமை கொடுக்கவும் அதில் சொல்லலாம். எல்லாவற்றையும் கையால் வைக்கும் ப்ரோ மோடில் ஷட்டரை 1/250 என்று நீங்களே பூட்டிவிடலாம். பிக்சல் 8 ப்ரோவிலும் அதற்குப் பிறகு வந்த ப்ரோ மாடல்களிலும் இது முடியும். ஐபோனின் சொந்த கேமரா ஆப்பில் ஷட்டரைத் தொட முடியாது, வேறு ஆப் போட வேண்டும். செட்டிங்ஸை நோண்டப் பிடிக்காதவர் என்றால் சாம்சங்கின் இந்த வசதி உங்களுக்கு வீண்.

வீடியோவில் ஐபோன்தான், இதில் எனக்குத் தயக்கம் குறைவு. தனி ஒரு ஷாட்டை வைத்துச் சொல்லவில்லை. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு நடந்தால் நிறம் குதிக்காமல் மெதுவாக மாறுவது, ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையாதது, மெயின் லென்ஸிலிருந்து டெலிக்குப் போகும்போது தோலின் நிறம் மாறாதது, இந்த மாதிரி விஷயங்களில். வீடியோவில் நைட் மோட் வித்தை செல்லாது என்பதையும் பாருங்கள். விநாடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு அதிகபட்சம் 1/30 விநாடிதான் கிடைக்கும், அதற்குள் வாங்கியதே வெளிச்சம். இரவு போட்டோ பிரமாதமாகவும் அதே போனின் வீடியோ சேறாகவும் இருப்பது இதனால். பிக்சல் 8 ப்ரோவில் வந்த வீடியோ பூஸ்ட், வீடியோவை கூகுளின் சர்வருக்கு அனுப்பி மெருகேற்றி வாங்குகிறது. வித்தியாசம் தெரிகிறது, ஆனால் காத்திருக்க வேண்டும், நெட் வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் பாட்டிக்கு அனுப்ப இது ஆகாது. 8கே பற்றிக் கவலையே வேண்டாம், 4கே போதும். ஐபோன் கணக்குப்படி 4கே 30 ஃப்ரேம் நிமிஷத்துக்கு 170 எம்பி, 60 ஃப்ரேம் 400 எம்பி. ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு முதலாவது 10 ஜிபி, இரண்டாவது 24 ஜிபி. மங்கிய மேடையில் 60 ஃப்ரேம் வைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைக்கும் நேரம் பாதியாகும், கிரெயின்ஸ் கூடும்.

வீடியோவில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடினால் அது கேமராக் கோளாறு அல்ல. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சாதா விளக்குகள் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். போன் 30 ஃப்ரேமும் 1/60 ஷட்டரும் வைத்தால் விளக்கோடு ஒத்துவராது. ஐபோனில் வீடியோ செட்டிங்ஸில் 'பால் ஃபார்மட்' (PAL) என்பதைத் திறந்தால் 25 ஃப்ரேம் வரும், அதை வையுங்கள். ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று பூட்ட முடிந்தால் இன்னும் நல்லது. அப்படிப் பூட்ட உதவும் பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம், ஐபோனிலும் பல ஆண்ட்ராய்டு போன்களிலும் கிடைக்கிறது. மேடை எல்இடி சிலது வேறு வேகத்தில் துடிக்கும், அதற்கு ஷட்டரைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. அப்புறம் வெயில். ஐபோனைப் பயன்படுத்தும் சூழலுக்கு ஆப்பிள் சொல்லும் மேல் வரம்பு 35 டிகிரி. மே மாதப் பகல் கல்யாணத்தில் எந்த போனும் திரையை மங்கலாக்கிப் பதிவை நிறுத்தலாம், கேஸைக் கழற்றி நிழலில் வையுங்கள்.

ஆக, உங்களுக்கு என் பதில்: போட்டோதான் பிரதானம் என்றால் பிக்சலின் ப்ரோ மாடல், வீடியோ பாதிக்கு மேல் என்றால் ஐபோன், ப்ரோ மோடை நிஜமாகவே கையாளுவேன் என்றால் சாம்சங் அல்ட்ரா. மூன்றிலும் போன வருஷத்து மாடல் போதும், மிச்சப் பணத்தில் ஒரு சின்ன முக்காலி வாங்கலாம். ஆனால் போன் வாங்குவதற்கு முன், அடுத்த நிகழ்ச்சியில் இப்போதைய போனிலேயே ஒன்று செய்து பாருங்கள். பின்னால் கறுப்புத் திரை கட்டியிருப்பார்கள். இடமே இருட்டு என்று போன் தப்பாக நினைத்து ஷட்டரை மெதுவாக்கி, பிள்ளையின் முகத்தை வெள்ளையாக எரித்துவிடும். லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு, அவள் முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள், பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள், முகத்தின் நிறம் சரியாகத் தெரியும் வரை. வெளிச்சத்தைக் குறைத்தால் பெரும்பாலும் ஷட்டரும் தானே வேகமாகும். ஜதி முடிந்து அவள் அரைமண்டியில் ஒரு கணம் நிற்பாள். அந்தக் கணத்துக்குச் சற்று முன்பே தொட்டுவிடுங்கள்.